எடைக்கு எடை

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியை வலம் வருகிறவர்கள் தூண்களில் உள்ள சிற்பங்களைப் பார்ப்பார்கள். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ரமணரின் தாயார் அழகம்மையின் சமாதிமேல் எழுந்து 1949 மார்ச்சில் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயில் முழுக்கக் கருங்கல் கட்டடம். சில எட்டு வைப்பதற்குள் அடுத்த தூண் வந்துவிடும். செங்கம் சாலை வழியாக ஊருக்குள் போய் அருணாசலேஸ்வரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நின்றால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்த ரமணர் தொடக்க நாட்களில் தவமிருந்த பாதாள லிங்கம் அந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். எதற்கு இத்தனை? அழகு ஒரு காரணம், பெருமை இன்னொரு காரணம். இவை இரண்டுக்கும் அடியில் கல்லின் குணம் என்ற மூன்றாவது காரணம் ஒன்று உண்டு.

இரண்டு தூண்களின் தலையில் ஒரு கல் உத்திரத்தைக் கிடத்துகிறோம். பாரம் ஏறியதும் உத்திரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொய்கிறது. தொய்யும்போது அதன் மேல்பகுதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. நெருக்கினால் கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது, மலையையே தாங்கும். இழுத்தால் அது பலவீனம். நெருக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்க அதனிடம் உண்டு, பல சமயம் அதுகூட இல்லை. இதில் நீளத்தின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. உத்திரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைக்கும் விசை இரட்டிப்பதோடு நிற்காது. மீட்டருக்கு இவ்வளவு பாரம் என்று வைத்துக்கொண்டால் அது நான்கு மடங்காகும். நீளம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்தச் சூத்திரத்தை எழுதி வைக்காமலேயே நம் ஸ்தபதிகள் அறிந்திருந்தார்கள் என்பதற்குத் தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டி நிற்கும் போதிகையே சாட்சி. பார்வைக்கு அது ஓர் அலங்காரம். செய்வதோ உத்திரம் தாண்டவேண்டிய தூரத்தை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வேலை. வளைவு விசை நீளத்தின் வர்க்கமாக ஏறுவதால், அந்தக் கொஞ்சத்துக்கே நல்ல பலன் கிடைக்கிறது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலை ரயில் நிலையத்துக்குப் போவோம். திருப்பதியிலிருந்து வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக இராமேஸ்வரம் போகும் விரைவு ரயில் இங்கே நிற்கும். அண்ணாமலையாரைத் தரிசித்துவிட்டு இராமநாதரைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு இதில்தான் ஏறும். இந்த ரயில் மானாமதுரையையும் தொடும். வீட்டைவிட்டு வந்த ரமணரைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்த சிற்றப்பா நெல்லையப்ப ஐயர் வக்கீல் தொழில் பார்த்த ஊர் அது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி ரமணர் திருவண்ணாமலையில் ரயிலைவிட்டு இறங்கியபோது மானாமதுரைக்குக் கிழக்கே கடற்கரை வரை தண்டவாளமே கிடையாது. மண்டபம் வரையிலான பாதை 1902இல் வந்தது. அதற்கு அப்பால் கடல். அந்தக் கடலை ரயில் தாண்டத் தொடங்கியது 1914 பிப்ரவரி 24இல்.

பாம்பன் பாலத்தைப் பற்றித் தமிழில் எழுதாதவர் இல்லை; திரைப்படங்களில் வராத கோணமும் மிச்சமில்லை. ஆனாலும் 2025 ஏப்ரல் 6 அன்று, இராமநவமி நாளில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நிதானமாகச் சொல்லும் எழுத்து குறைவு. சுமார் 2.08 கிலோமீட்டர் நீளம், 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, நாட்டின் முதல் செங்குத்துத் தூக்கு ரயில் பாலம் என்ற மூன்று தகவல்களோடு செய்திகள் முடிந்துவிட்டன. விஷயம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. பக்கத்திலேயே, 1988இல் திறந்த அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து போகிறது. கப்பல்கள் அதன் அடியில் தாராளமாகச் செல்கின்றன. அதைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். ரயில் பாலத்தையும் அப்படியே உயர்த்திக் கட்டியிருக்கலாமே?

ரயிலால் ஏற முடியாது என்பதுதான் பதில். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஒரே இன்ஜின் இருபது பெட்டிகளை இழுத்துக்கொண்டு போவது அதனால்தான். அதே காரணத்தால் சரிவில் பிடிமானமும் குறைவு. நூறு மீட்டர் போய் ஒரு மீட்டர் உயர்வதே ரயிலுக்குக் கணிசமான ஏற்றம். சாலைப் பாலத்தின் அடியில் கப்பலுக்குக் கிடைக்கும் 22 மீட்டர் உயரத்தை ரயில் பாலத்தின் அடியிலும் நிரந்தரமாகத் தரவேண்டும் என்றால், தண்டவாளத்தை இன்றைய மட்டத்திலிருந்து மேலும் 17 மீட்டர் உயர்த்தியாக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் சரிவுப் பாதை தேவைப்படும். மண்டபம் ஒரு கரையில், பாம்பன் ஒரு கரையில், நடுவே இரண்டே கிலோமீட்டர் கடல் என்ற இடத்தில் இது கட்டுப்படியாகாது. எனவே பாலத்தின் ஒரு துண்டு அசைந்துதான் ஆகவேண்டும். எப்படி அசைப்பது என்பதில்தான் 1914க்கும் 2025க்கும் வேறுபாடு.

இரண்டு விடைகளும் ஒரே ஊரில் பிறந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிகாகோ நகரின் ஆற்றில் கப்பல் நெரிசலும் கரைகளில் வண்டி நெரிசலும் சேர்ந்து பொறியாளர்களைத் திணறடித்தன. 1894இல் ஜே. ஏ. எல். வாடெல் என்பவர் அங்கே ஹால்ஸ்டெட் தெருவில், பாலத்தின் நடுத்துண்டை அப்படியே கிடைமட்டமாக மேலே தூக்கும் முறையைக் கட்டிக் காட்டினார். வில்லியம் ஷெர்சர் என்ற இன்னொரு பொறியாளரின் யோசனை வேறு: பாலத்தை நடுவில் பிளந்து, இரு இதழ்களையும் வளைந்த அடிப்பாகத்தில் உருட்டிப் பின்னால் சாய்ப்பது. அவர் 1893இலேயே இறந்துவிட, அவர் வடிவமைத்த பாலம் ஓரிரு ஆண்டுகளில் அதே ஆற்றின்மேல் எழுந்தது. ஷெர்சரை ஜெர்மானியர் என்று நம் பத்திரிகைகள் பல காலமாக எழுதி வருகின்றன, அவர் அமெரிக்கர். பழைய பாம்பன் பாலம் அவருடைய முறையை எடுத்துக்கொண்டது. நூறாண்டு கழித்து வந்த புதிய பாலம் வாடெலின் முறைக்கு மாறியிருக்கிறது. சிகாகோ ஆற்றில் அருகருகே தொடங்கிய இரண்டு யோசனைகளும் பாக் நீரிணையில் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்தன.

ஷெர்சரின் இதழ்கள் ஒவ்வொன்றும் நானூறு டன்னுக்கு மேல். ஆட்கள் சுற்றி நின்று பல்சக்கரத்தின் கைப்பிடிகளைத் தள்ளித்தான் அவற்றைத் திறந்தார்கள். முக்கால் மணி நேரம் வரை பிடிக்கும். மனிதக் கைகளால் நானூறு டன் எழுந்தது எப்படி? ஒவ்வோர் இதழின் பின்புறத்திலும் எதிரெடை இருந்தது. நம் ஊர்க் கிணறுகளில் மோட்டார் வருவதற்கு முன்னால் இருந்த ஏற்றமும் இந்த வேலையைத்தான் செய்தது. மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்தால், அவருடைய உடல் எடையே நிறைசாலைத் தூக்கிக் கொடுக்கும்; கயிறு பிடிப்பவர் கை வலிக்காமல் இறைத்துவிடுவார். எடையை எடையோடு மோதவிட்டுவிட்டு, எஞ்சிய சிறு வித்தியாசத்தை மட்டும் மனிதன் பார்த்துக்கொள்வது என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான சூட்சுமம்.

புதிய பாலத்தில் இது இன்னும் நேர்த்தியாக அமைந்திருக்கிறது. தூக்கும் துண்டின் நீளம் 72.5 மீட்டர். எடை அறுநூறு டன்னுக்கும் மேல். இரண்டு முனைகளிலும் கோபுரங்கள்; கோபுரத்தின் உச்சியில் பெரிய கப்பிகள்; கப்பிகளின் மேல் எஃகு வடங்கள். வடத்தின் ஒரு முனை பாலத் துண்டில், மறுமுனை எதிரெடையில். ஒவ்வொரு கோபுரத்தின் எதிரெடையும் துண்டின் எடையில் ஏறத்தாழப் பாதி. துண்டு மேலே போனால் எதிரெடை கீழே வரும்.

இதனால் என்ன மிச்சமாகிறது என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அறுநூறு டன் என்றே வைத்துக்கொள்வோம். அதை 17 மீட்டர் உயர்த்த, ஆறு லட்சம் கிலோவை 9.8ஆலும் 17ஆலும் பெருக்கினால் சுமார் 10 கோடி ஜூல் ஆற்றல். வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 28 யூனிட். கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் அதை ஐந்தரை நிமிடத்துக்குள் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் பாலம் தூக்க எடுக்கும் நேரம் அவ்வளவுதான். 330 விநாடியில் 10 கோடி ஜூல் என்றால் 300 கிலோவாட், அதாவது சுமார் 400 குதிரைத்திறன். எதிரெடை இல்லாவிட்டால் இவ்வளவு ஆற்றலையும் மோட்டார்கள் கொடுக்கவேண்டும். துண்டை மறுபடி கீழே இறக்கும்போது அதே 10 கோடி ஜூலையும் பிரேக்குகள் சூடாகச் சூடாக விழுங்கியாக வேண்டும். எதிரெடை இருப்பதால் கப்பிகளின் உராய்வு, காற்றின் தள்ளுதல், இரு பக்க எடைக்கும் உள்ள சிறு வித்தியாசம் ஆகியவை மட்டுமே மோட்டாரின் பொறுப்பு. அந்தச் சிறு வித்தியாசத்தையும் பொறியாளர்கள் வேண்டுமென்றேதான் விடுவார்கள். துண்டு எதிரெடைகளைவிடச் சற்றுக் கனமாக இருந்தால்தான், ரயில் ஓடும் நேரத்தில் அது தன் இருக்கையில் அழுந்தி உட்கார்ந்திருக்கும்.

எடையைச் சமன் செய்வது ஒரு பாதி என்றால், ஒன்றாக எழுப்புவது இன்னொரு பாதி. 72 மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு கோபுரங்களும் துண்டின் இரு முனைகளை ஒரே வேகத்தில் உயர்த்தவேண்டும். ஒரு முனை சற்று முந்தினாலும் துண்டு சாயும்; சாய்ந்தால் கோபுரத்தின் வழிகாட்டிகளில் சிக்கி நின்றுவிடும். ஆகவே இரு பக்க உயரமும் விடாமல் அளக்கப்பட்டு, கணினி வழியே மோட்டார்களுக்குத் திருத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. இறங்கும்போது இன்னொரு சிக்கல். எஃகு வெயிலில் நீளும். 20 டிகிரி வெப்பம் கூடினால் 72.5 மீட்டர் எஃகு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமாகும். காலையில் எழுந்த துண்டு மதியம் இறங்கினாலும், இருபுறத் தண்டவாளத்தோடும் சரியாகப் பொருந்தி உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்து பூட்டிய பிறகுதான் சிக்னல் பச்சைக்கு மாற முடியும்.

எவ்வளவு உயரம் தூக்குவது என்பதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஷெர்சர் இதழ்கள் வானைப் பார்த்து நின்றபோது கப்பலுக்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது. அது ஒரு பெரிய வசதிதான். ஆனால் 1988க்குப் பிறகு பக்கத்திலேயே சாலைப் பாலம் 22 மீட்டரில் அசையாமல் குறுக்கே நிற்கிறது. அதைவிட உயரமான கப்பல் எதுவும் எப்படியும் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. புதிய பாலத்தின் துண்டு எழுந்து நிற்கும்போது அதன் அடியில் கிடைப்பதும் அதே 22 மீட்டர்தான். தேவைக்கு மேல் ஒரு மீட்டர்கூட உயர்த்தவில்லை. கோபுரம் குட்டையாகிறது, வடம் குறைகிறது, காற்று பிடிக்கும் பரப்பும் குறைகிறது.

காற்று இங்கே சாதாரணப் பேச்சு இல்லை. மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். காற்றுமானி காட்டும் எண்ணைப் பொறுத்து சிக்னல் தானாகவே சிவப்பாகும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 58ஐப் போல நான்கு மடங்கு, ஆகவே விசை பதினாறு மடங்கு. தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது அந்த இரவில்தான். பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில், அதாவது இரும்பு உத்திரங்களில், 126 காணாமற் போயின. ஷெர்சர் பகுதி தப்பியது; தூண்கள் பெரும்பாலும் நின்றன. காற்றைவிட அலைதான் அன்று கர்டர்களுக்கு எமனானது. தூணின் தலையில் வெறும் எடையால் உட்கார்ந்திருந்த இரும்பை, எழும்பி வந்த நீர் அடியிலிருந்து தூக்கிவிட்டது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றி, 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். ரயில்வே கொடுத்திருந்த கெடுவைவிட இது மிகவும் குறைவு. புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர் உயரமாகக் கட்டப்பட்டிருப்பதை இந்த இரவின் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

தூக்கு முறையிலும் காற்றுக்கு ஒரு பதில் உண்டு. ஷெர்சர் இதழ்கள் திறந்து நிற்கும்போது நட்டமாக நிற்கும் இரண்டு சுவர்கள் போலாகும். காற்று முழு முகத்தையும் தள்ளும். செங்குத்தாகத் தூக்கப்படும் துண்டு எந்த உயரத்திலும் படுக்கையாகவே இருக்கிறது. மேலும், நடுவில் பிளவுபட்ட பாலத்தில் கனமான ரயில் ஏறும்போது இரு இதழ்களும் சந்திக்கும் மூட்டுதான் பலவீனமான இடம். கடைசிக் காலத்தில் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போனதற்கு வயதோடு இதுவும் காரணம். புதிய துண்டு முனைக்கு முனை ஒரே உத்திரம்.

இங்கே ஆயிரங்கால் மண்டபத்தின் கணக்குக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. பழைய பாலத்தின் கர்டர் ஒவ்வொன்றும் 12.2 மீட்டர். புதியதில் 99 கர்டர் இடைவெளிகள், ஒவ்வொன்றும் 18.3 மீட்டர். தூண்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு இதுதான் காரணம். தூண் குறைந்தால் நீரோட்டத்துக்கும் தடை குறையும். தூக்குத் துண்டு 72.5 மீட்டர், ஏறக்குறைய நான்கு மடங்கு. மீட்டருக்கு அதே பாரம் என்றால் வளைவு விசை பதினாறு மடங்கு. கருங்கல் இந்த இடத்தில் பேச்சுக்கே வராது. எஃகு வருகிறது, ஏனென்றால் நெருக்கத்தையும் இழுப்பையும் அது ஏறக்குறைய சமமாகத் தாங்கும். 18.3 மீட்டருக்குத் தகட்டுக் கர்டர் போதும். அதன் உலோகத்தில் பெரும்பகுதி மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குவிந்திருக்கும், ஏனென்றால் நெருக்கமும் இழுப்பும் கடுமையாக இருப்பது அங்கேதான். 72.5 மீட்டருக்கு அந்தத் தகட்டுச் சுவரும் வீண் எடை. அதை எடுத்துவிட்டு, விசை ஓடும் கோட்டில் மட்டும் சட்டங்களை வைத்தால் முக்கோணப் பின்னல் கிடைக்கிறது. பார்ப்பவர்கள் பாலத்தின் அழகு என்று படமெடுக்கும் அந்தப் பின்னலில் சும்மா நிற்கும் சட்டம் ஒன்றுகூட இல்லை. சில இழுபடுகின்றன, சில நெருக்கப்படுகின்றன. ரயில் நகர நகர ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாரம் கைமாறிப் போகிறது.

இவ்வளவு பெரிய துண்டை அங்கே கொண்டுபோனதும் சிறிய வேலை அல்ல. கரையில் கோத்து, ஏற்கெனவே முடிந்திருந்த கர்டர்களின் மேலேயே நகர்த்திக் கொண்டுபோனார்கள். பாலம் நேர்கோட்டில் இல்லை. மெல்லிய வளைவு இருக்கிறது. நேரான ஒரு பெரிய பெட்டியை வளைந்த பாதையில், தூண்களின் நடுக்கோடு தவறாமல், அங்குலம் அங்குலமாகத் தள்ளவேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் தொடங்கிய அந்த நகர்வு ஜூலைக் கடைசியில்தான் முடிந்தது.

காற்றும் அலையும் வருடத்தில் சில நாள் எதிரிகள். உப்பு வருடம் முழுவதும் எதிரி. என் மதிப்பில் இந்தப் பாலத்தின் பெரிய சாதனை தூக்குத் துண்டைவிட இங்கேதான் இருக்கிறது, ஆனால் அதைப் படமெடுக்க முடியாது. பழைய பாலம் ரிவெட் அடித்துக் கோத்தது. தகட்டின்மேல் தகடு வைத்து ரிவெட் அடிக்கும்போது இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடுக்கு தங்கும். உப்புத் தண்ணீர் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டால் தூரிகையும் எட்டாது, வெயிலும் எட்டாது. வெளியே வண்ணம் பளபளக்க உள்ளே துரு வளரும். புதிய பாலத்தில் மூட்டுகளை முழுக்க வெல்டிங்கால் இணைத்து, இடுக்கையே இல்லாமல் செய்தார்கள். வெல்டிங்கின் உள்ளே குமிழியோ வெடிப்போ இருக்கிறதா என்று மீயொலி அலைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். எஃகின்மேல் துத்தநாகப் பூச்சு, அதன்மேல் பாலிசிலாக்ஸேன் என்ற பூச்சு. துத்தநாகம் ஒரு தியாகி: கீறல் விழுந்து இரும்பும் உப்பு நீரும் சந்தித்தாலும், இரும்புக்கு முன்னால் தான் கரைந்து அதைக் காக்கும். 35 ஆண்டு தாங்கும் என்பது இந்தப் பூச்சுக்கு வைத்திருக்கும் இலக்கு.

கடலுக்குள் இறங்கும் கான்கிரீட்டிலும் இதே போர்தான். மொத்தம் 333 பைல்கள், அதாவது அடித்தளத் தூண்கள், கடலடியில் இறக்கப்பட்டிருக்கின்றன. திருவண்ணாமலையில் கொஞ்சம் தோண்டினால் பாறை கிடைக்கும். பாம்பனில் அந்த வசதி கிடையாது, மணலையும் பவளப் படிவையும் தாண்டிப் போகவேண்டும். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு நுண்துளை வழியே ஊறிப் போய் அந்தப் படலத்தை உடைக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். கடற்கரை ஊர்களில் பால்கனியின் அடிப்பாகம் பொரிந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்போம், அதே கதைதான். பாம்பனில் இதற்காகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விலை கூடுதல். ஆனால் கடலுக்குள் போய்த் தூணைப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சரியான முடிவு.

எல்லாம் குறையில்லாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் உண்மையாகாது. 2024 நவம்பரில் ஆய்வுக்கு வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், திட்டமிட்ட விதத்திலேயே குறைகள் இருப்பதாகக் கடுமையாக எழுதினார். அரிப்பின் அறிகுறிகளையும் குறிப்பிட்டார். ரயில்வே வாரியம் குழு அமைத்து அவற்றை ஆராய்ந்தது. திறப்பு விழா தள்ளிப்போனது. இதைப் பாலத்துக்கு நேர்ந்த அவமானமாக எண்ணுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டியவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், அவர் எழுதிய குறை பொதுவெளிக்கு வருகிறது என்பதும் எஃகு, கான்கிரீட் போலவே பாலத்தைத் தாங்கும் பொருள்தான்.

பாலம் என்றதும் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு 2024 டிசம்பர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலை மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோன அதே நாட்களில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அது செப்டம்பரில்தான் திறக்கப்பட்டிருந்தது. வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட அளவைவிட வெள்ளம் பல மடங்கு என்றது அரசு. இந்த விளக்கத்துக்குப் பின்னால் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது.

நூறாண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்லும்போது, நூறு வருடத்துக்கு ஒருமுறை தவணை முறையில் வரும் வெள்ளம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே. ஓர் ஆண்டில் வராமலிருக்க வாய்ப்பு 0.99. நூறு ஆண்டும் வராமலிருக்க 0.99ஐ நூறு முறை தன்னோடு பெருக்கவேண்டும், கிடைப்பது 0.37. அதாவது நூறு ஆண்டு நிற்கவேண்டிய பாலம் தன் வாழ்நாளில் அந்த வெள்ளத்தைச் சந்திக்க 63 சதவீத வாய்ப்பு. ஐம்பது ஆண்டு என்றாலும் 40 சதவீதம் வந்துவிடுகிறது. முதல் ஆண்டிலேயே வரவும் தடையில்லை. அணைக்குக் கீழே ஆற்றில் பாலம் போடுகிறவர்கள் எந்த வெள்ளத்தை எல்லையாக வைப்பது என்பது எஃகின் கணக்கோடு முடிகிற விஷயமில்லை. எவ்வளவு பணம், எவ்வளவு ஆபத்து என்று ஊரோடு பேசி எடுக்கவேண்டிய முடிவு. பாம்பனில் 1964 என்ற நினைவு கண்முன்னால் இருந்தது. தென்பெண்ணையில் அத்தகைய நினைவு இப்போது உண்டாகியிருக்கிறது. அடுத்து வரும் பாலங்களின் வரைபடத்தில் அது ஏறவேண்டும்.

2022 டிசம்பரில், பழைய பாலத்தில் பொருத்திய உணர்கருவிகள் எச்சரித்ததால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக இராமேஸ்வரம் போகிறவர்கள் இக்கரையில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்துச் சாலைப் பாலம் வழியே போய்க்கொண்டிருந்தார்கள். வயதானவர்களுக்கு அது பெரும் சிரமம். இப்போது திருவண்ணாமலையில் ஏறி உட்கார்ந்தால் இராமேஸ்வரத்தில்தான் இறங்கவேண்டும். பாலத்தில் 75 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. தூக்குத் துண்டின்மேல் மட்டும் 50. அந்த வேகத்தில் 72.5 மீட்டரைக் கடக்க ஐந்து விநாடிக்குச் சற்று அதிகமாகும். பகலில் போகிறவர்கள் அதற்குத் தயாராக ஜன்னலோரம் உட்காரலாம். துண்டு இறங்கியிருக்கும் நேரத்தில் எதிரெடைகள் கோபுர உச்சிப் பக்கம் ஏறி நிற்கும். அதைத் தாண்டியதும் பார்வையைக் கீழே இறக்கித் தூண்களின் தலையைக் கவனியுங்கள்: ரயில் ஓடுவது ஒரு பாதையில்தான், தூண்களின் அகலமோ இரண்டு பாதைக்கு. இன்னொரு வரிசைக் கர்டர்களை வைக்க இடம் இப்போதே விட்டிருக்கிறார்கள். இரண்டாம் பாதை வரும் நாளில் கடலுக்குள் மறுபடி ஒரு பைல்கூட இறக்கவேண்டியிருக்காது.